தத்தன் கேட்ட குரல்



திருமுறை ஓதும் போட்டிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் நாள்களில், ஒரே பதிகத்தைத் திரும்பத் திரும்ப ஓதிக் களைத்துப்போகும் பிள்ளைகளுக்கு இடையிடையே நாயன்மார் கதை ஒன்றைச் சொல்வது என் வழக்கம். கண்ணப்பர் கதையென்றால் அவர்களின் கண்கள் விரியும். காரைக்கால் அம்மையார் கதையென்றால் இரண்டாவது மாம்பழம் எப்படி வந்தது என்று கேட்டுத் துளைப்பார்கள். இம்முறை மெய்ப்பொருள் நாயனார் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி பல நாள் என்னைவிட்டு அகலவில்லை. அதை ஒட்டி எழுந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

கதை பலரும் அறிந்ததுதான். சேதி நாட்டைத் திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன் என்னும் பகையரசன், மேனியெங்கும் திருநீறு பூசிச் சிவனடியார் வேடம் புனைந்து அரண்மனைக்குள் நுழைகிறான். கையில் ஏட்டுக்கட்டு. அதற்குள் கத்தி. வாயில்தோறும் காவலர் வணங்கி வழிவிடுகின்றனர். கடைசி வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், காலம் அறிந்து செல்லவேண்டும் என்று தடுக்கிறான். வந்தவன் அதையும் மீறி உள்ளே செல்கிறான். எங்கும் கிடைக்காத ஆகம நூலொன்று தன்னிடம் இருக்கிறது, தனியே உபதேசிக்கவேண்டும் என்கிறான். அரசியை அகலச் சொல்லிவிட்டு, அரசர் அவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்குகிறார். அவன் ஏட்டுக்கட்டைப் பிரிக்கிறான், கத்தியை எடுக்கிறான், நினைத்ததைச் செய்து முடிக்கிறான்.

கண்ணிமைப்பொழுதில் தத்தன் வாளோடு பாய்கிறான். குருதி வெள்ளத்தில் சரிந்துகொண்டிருக்கும் அரசரோ அவனைத் தடுக்கிறார். வந்தவர் நம்மவர், அவருக்கு யாதொரு தீங்கும் நேராமல் ஊரெல்லைவரை கொண்டுபோய்விடு என்பதுதான் அவர் இட்ட கடைசிக் கட்டளை. செய்தி கேட்டு ஊரார் கொதித்தெழுந்து வழிமறிக்கின்றனர். அரசரின் ஆணையைச் சொல்லி அவர்களை விலக்கி, கொலைகாரனைக் காட்டின் எல்லைவரை காவலோடு அழைத்துச் சென்று விட்டுத் திரும்புகிறான் தத்தன். விட்டு வந்தேன் என்னும் சொல்லைக் கேட்ட பிறகே மெய்ப்பொருளார் உயிர் பிரிய இசைகிறார்.

மாணவன் கேட்டது இதுதான்: “அரசர் மன்னிச்சிட்டாரு ஐயா, சரி. தத்தன் ஏன் மன்னிக்கணும்?”

வகுப்பில் அமைதி. அரசரைப் பற்றித்தான் இத்தனை ஆண்டுகளும் பேசி வந்திருக்கிறேன். தத்தனை ஒரு துணைக் கதைமாந்தனாகவே கடந்து சென்றிருக்கிறேன். மணியடித்ததால் தப்பித்தேன் என்று சொல்வதே நேர்மை.

பெரியபுராணத்துக்கு உரை சொன்ன பெரியவர்கள் இக்கதையைத் திருவேடத்தின்பால் மெய்ப்பொருளார் கொண்ட பக்திக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டுவர். பொய்வேடமாயினும் அது சிவவேடம். அதனால் அவர் வணங்கினார். அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. எனினும் ஏட்டுக்குள் ஒளிந்திருந்த அந்தக் கத்தியைப் பற்றி நாம் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது. மதத்தின் பெயரால் நிகழும் ஒவ்வொரு கலவரத்திலும் அந்தக் கத்திதான் வெளிவருகிறது. ஏட்டைக் கண்டு நாம் வழிவிடுகிறோம். உள்ளே இருப்பது நிலத்தகராறாக இருக்கும், பதவி வேட்கையாக இருக்கும், பழைய வஞ்சமாக இருக்கும். மேலே சுற்றியிருப்பது மட்டும் இறைவன் திருப்பெயர். அவ்வாறான வேளையில் எது இறைவனின் குரல், எது ஏட்டுக்குள்ளிருந்து பேசும் கத்தியின் குரல் என்று எப்படிப் பிரித்தறிவது?

இதற்கு விடை தேடும்போதெல்லாம் என் நினைவு செல்லும் இடம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நைஜீரியாவின் வடபகுதியில் கடுனா என்றொரு நகரம். முஸ்லிம்களும் கிறிஸ்துவர்களும் பெருந்தொகையாகக் கலந்து வாழ்ந்த ஊர். அம்மாநிலத்தின் தெற்கே சங்கோன் கட்டாஃப் என்னும் சிற்றூரில் 1992 பிப்ரவரியில் ஒரு சந்தையை வேறிடத்துக்கு மாற்றும் முடிவைத் தொட்டுச் சண்டை மூண்டது. சந்தை யாருடைய பகுதியில் இருக்கவேண்டும் என்பதே பூசல். ஒருபக்கம் பெரும்பாலும் கிறிஸ்துவர்களான கட்டாஃப் இனத்தார். மறுபக்கம் முஸ்லிம்களான ஹௌசா இனத்தார். மே மாதத்தில் அச்சண்டை மீண்டும் வெடித்துக் கடுனா நகருக்குள் வந்தபோது சந்தையை எல்லாரும் மறந்துவிட்டனர். அது இயேசுவுக்கும் இஸ்லாத்துக்கும் இடையிலான போராக மாறிவிட்டிருந்தது.

அந்தப் போரில் இரண்டு இளைஞர்கள் எதிரெதிர் அணிகளுக்குத் தலைமை தாங்கினர். ஒருவர் ஜேம்ஸ் வுயே, கிறிஸ்துவ போதகர். மற்றவர் முகம்மது அஷாஃபா, இமாம். தம் தேவாலயத்தைக் காக்கச் சென்ற மோதலில் வுயே தமது வலக்கையை இழந்தார். அஷாஃபா தம் ஞானாசிரியரையும் நெருங்கிய உறவினர் இருவரையும் பறிகொடுத்தார். ஆசிரியரின் உடல் கிணற்றில் வீசப்பட்டிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பெயரளவில் அறிவர். ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்டும் நாளுக்காக மூன்றாண்டுகள் காத்திருந்தனர். இருவருமே அதை இறைப்பணி என்றுதான் எண்ணினர். இதை நாம் மறந்துவிடக்கூடாது. அவர்கள் கடவுளை மறந்துவிட்டு வெறுக்கவில்லை. கடவுளை நினைத்துக்கொண்டேதான் வெறுத்தனர்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் தொழுகை உரை. உரையாற்றிய இமாம் நபிகள் நாயகம் தாயிஃப் நகருக்குச் சென்ற வரலாற்றைச் சொன்னார். அந்நகர மக்கள் அவரைக் கல்லால் அடித்து விரட்டினர். காலிலிருந்து குருதி வழிந்தது. அம்மக்களை மலைகளுக்கிடையே நசுக்கிவிடவா என்று வானவர் கேட்டபோது நபிகள் வேண்டாமென்று தடுத்தார். அவர்களின் வழித்தோன்றல்களாவது இறைவனை வணங்குவார்கள் என்று நம்பினார். அஷாஃபா இதை அதற்கு முன் கேட்டதில்லையா? இமாமாக இருப்பவர், பலமுறை கேட்டிருப்பார், பிறருக்குச் சொல்லியும் இருப்பார். ஆனால் அன்று அவ்வுரை தமக்கென்றே சொல்லப்பட்டதுபோல் அவருக்குப் பட்டது. பழிவாங்கத் தேடிக்கொண்டிருந்த மனிதரை மன்னிக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அழுதுவிட்டார் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

1995இல் கடுனாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி குறித்து ஒரு கூட்டம் நடந்தது. இருவரும் அங்கு வந்திருந்தனர். செய்தியாளர் ஒருவர் இருவரின் கைகளையும் பிடித்து ஒன்றாக இணைத்து, நீங்கள் இருவரும் நினைத்தால் இந்த ஊரில் அமைதியைக் கொண்டுவர முடியும் என்றாராம். தடுப்பூசிக் கூட்டத்தில்! இரண்டு சமயத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து என்பது அந்தச் செய்தியாளரின் மனத்தில் ஓடியதோ என்னவோ. அஷாஃபா வுயேயைத் தேடிச் செல்லத் தொடங்கினார். அவருடைய தாயார் நோயுற்றபோது சென்று நலம் விசாரித்தார்.

இதுவரை கேட்கும்போது அழகான கதைபோல் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. வுயே மன்னிக்கவில்லை. இமாமோடு சேர்ந்து பணியாற்ற ஒப்புக்கொண்டார். கூட்டங்களில் ஒரே மேடையில் அமர்ந்தார். ஊர் ஊராகச் சேர்ந்து சென்றார். உள்ளே மட்டும் வெறுப்பு அப்படியே இருந்தது. பயணத்தின்போது ஒரே அறையில் தங்க நேர்ந்த இரவுகளில், உறங்கிக்கொண்டிருக்கும் இமாமின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திக் கொன்றுவிடலாமா என்று தமக்குத் தோன்றியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர் நிம்மதியாக உறங்குகிறார். இவர் இழந்த கையை நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறார். சில ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பிறகு சக போதகர் ஒருவர், நெஞ்சில் வெறுப்பை வைத்துக்கொண்டு நீர் கிறிஸ்துவைப் போதிக்க முடியாது என்று சொன்ன நாளில்தான் அவருக்குள் ஏதோ உடைந்தது.

மன்னிப்பு என்பது மின்விளக்கைப் போட்டதுபோல் ஒரு நொடியில் வந்துவிடுவது என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தத் தலையணைக் கதையை ஒருமுறை கேட்கவேண்டும். வுயேயின் கால்கள் முதலில் நடந்தன. மனம் பின்னால், வெகு தொலைவில், நொண்டிக்கொண்டு வந்தது. தத்தனும் அப்படித்தானே நடந்திருப்பான்?

இருவரும் சேர்ந்து சமயங்களுக்கிடையே சமரசம் செய்யும் நிலையம் ஒன்றைக் கடுனாவில் நிறுவினர். அதன்பின் அந்நகரில் அமைதி நிலவியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. 2000ஆம் ஆண்டில் ஷரியா சட்டத்தை நடைமுறைப்படுத்தும் சர்ச்சையில் கடுனா மறுபடியும் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றுக்கு வடக்கே முஸ்லிம்கள், தெற்கே கிறிஸ்துவர்கள் என்று மக்கள் வீடுகளை மாற்றிக்கொண்டு பிரிந்தனர். 2002 ஆகஸ்டில் இருவரின் முயற்சியால் இருதரப்பு மூத்த சமயத் தலைவர்களும் அமைதிப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டனர். மூன்று மாதங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை, நவம்பரில் உலக அழகிப் போட்டியைச் சாக்காக வைத்து மீண்டும் கலவரம். இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2004இல் பீடபூமி மாநிலத்தின் யெல்வா நகரில் கிறிஸ்துவர்களும் பின்னர் முஸ்லிம்களும் கொன்று குவிக்கப்பட்டபோது இருவரும் அங்கும் சென்று, பேச மறுத்த மக்களை ஒரே அறையில் அமர்த்திப் பேச வைத்தனர். அவர்களைப் பற்றி 2006இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஓய்ந்தபாடில்லாத நாட்டில் ஓயாத இரண்டு மனிதர்கள், அவ்வளவுதான். இருவரும் தத்தம் மதத்தில் ஓர் அங்குலமும் தளரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எல்லா மதமும் ஒன்றுதான் என்று மேலோட்டமாகப் பேசிக் கலைபவர்கள் அல்லர் அவர்கள். மற்றவர் தம் மார்க்கத்துக்கு வந்துவிட்டால் நல்லது என்று இன்றும் விரும்புகிறவர்கள்தாம்.

இவ்விருவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. மூன்றாண்டுகள் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த குரல், ‘அவனை என்ன செய்வது’ என்பதையே பேசிற்று. பிறகு கேட்ட குரல், ‘நீ என்ன செய்யப்போகிறாய்’ என்று பேசிற்று. முதலாவது அவர்களிடமிருந்து எதையும் கேட்கவில்லை. அவர்களின் சினத்தையே திருப்பி அவர்களிடம் ஒப்படைத்தது. இரண்டாவது, அவர்கள் கொடுக்க விரும்பாத ஒன்றைக் கேட்டது. இறைவன் பேசுவதாக நமக்குத் தோன்றும்போதெல்லாம் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம் என்பது என் எளிய கருத்து. நமக்கு ஏற்கெனவே பிடித்திருப்பதையே அது சொல்லுமானால் ஐயப்படவேண்டும்.

காந்தியடிகள் 1933ஆம் ஆண்டு மே மாதம் 21 நாள் உண்ணாநோன்பு தொடங்கியபோது, தமக்குள் ஒரு குரலைத் தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார். மனமயக்கம் என்றனர் சிலர். மெய்ப்பிக்கத் தம்மிடம் சான்று ஏதுமில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். எனக்கோ அக்குரல் என்ன கேட்டது என்பதே சான்றாகத் தோன்றுகிறது. அது பிறரைப் பட்டினி போடச் சொல்லவில்லை. அவரையே பட்டினி கிடக்கச் சொன்னது. 1947 செப்டம்பரில் கல்கத்தாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்டபோதும் அவர் அதையேதான் செய்தார். நான்காம் நாள், ஊர்த் தலைவர்கள் வந்து வாக்குறுதி தந்த பின்னர் நோன்பை முடித்தார்.

தொலைதூர நாடுகளைப் பற்றி எழுதுவது எளிது. நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

2018 நவம்பர் இறுதியில் சுபாங் ஜெயாவிலுள்ள சீபில்ட் மாரியம்மன் ஆலயத்தில் நடந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அடிப்படையில் அது நிலமும் இடமாற்றமும் பற்றிய வழக்கு. கடுனாவில் சந்தை, இங்கே ஆலயம். விடியற்காலையில் ஆலயத்துக்குள் ஆள்கள் புகுந்து தாக்கிய செய்தி பரவியதும், கைப்பேசிகளில் அது இனச் சண்டையாகவும் மதச் சண்டையாகவும் மாறிவிட்டது. மறுநாள் இரவு கடமையாற்ற வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமுற்றார். மூன்று வாரம் மருத்துவமனையில் போராடி, டிசம்பர் 17ஆம் நாள் இறந்தார். வயது 24.

அந்த நாள்களில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உறவினர் புலனக்குழுவில் வந்த செய்தியொன்றை, உண்மையா பொய்யா என்று ஆராயாமல் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். அதில் நம் அம்மனின் பெயர் இருந்தது; கூடவே நச்சும் இருந்தது. அனுப்பியபோது எனக்குள் பக்திப் பெருக்கே ஏற்பட்டது என்றால் நம்புவீர்களா? மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் வழக்கம்போல் கையசைத்தார். காணாததுபோல் மகிழுந்தில் ஏறிக்கொண்டேன். பதினேழு ஆண்டுகளாக நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு லெமாங்கும் தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும் சாலையைக் கடந்து போய் வந்துகொண்டிருந்த உறவு அது. அன்று மாலை அவரே எங்கள் வாயிற்கதவருகே வந்து நின்றார். உங்கள் உறவினர் யாரும் அந்தப் பக்கம் இருக்கிறார்களா, எல்லாரும் நலந்தானே சிக்கு, என்று கேட்டார். நலம் என்றேன். அதற்குமேல் சொல் வரவில்லை. அவர் மகன் தீயணைப்புத் துறையில் இருப்பவர் என்பது எனக்குத் தெரியும். அவன் நலமா என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

அடிப் இறந்த அன்று இரவுதான் சாலையைக் கடந்து சென்றேன். சென்று என்ன பேசினேன் என்பது நினைவில்லை. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மகன் அன்று பணியில் இருந்தார். அந்த வீட்டில் யாரும் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை; நான் குற்றம் செய்ததாகவே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் புலனச் செய்தியைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

இனி, என் நண்பர்கள் சிலர் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். மன்னிப்பைப் பற்றி எழுதினாலே, “ஏன் எப்போதும் நாமே மன்னிக்கவேண்டும்? சிறுபான்மையினருக்குத்தான் இந்த உபதேசமா?” என்று கேட்பார்கள். ஞாயமான கேள்வி. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை எண்ணிப் பாருங்கள். 2009இல் அவருடைய மூன்று பிள்ளைகளும் தாயறியாமல் மதமாற்றம் செய்யப்பட்டனர். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தகப்பன் எடுத்துச் சென்றுவிட்டார். 2018 ஜனவரி 29ஆம் நாள், அந்த மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கையில் இருந்தும், ஆண்டுகள் பல அந்தத் தாய் தம் மகளின் முகத்தைக் காணாமல் காத்திருந்தார். அவரிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எவருக்குத் தகுதி இருக்கிறது? அத்தகைய தாய்க்குத் தரவேண்டியது நீதி. குழந்தையைக் கொண்டுவந்து கையில் தருவது. அதைச் செய்யாமல் அன்பையும் பொறுமையையும் போதிப்பது, மறுபடியும் ஏட்டுக்குள் கத்தியை வைப்பதேயாகும்.

மன்னிப்பு காயம்பட்டவரின் தனியுரிமை. அதை வேறொருவர் கேட்டுப் பெறவும் முடியாது, அவர் சார்பில் கொடுக்கவும் முடியாது. அது நீதிக்கு மாற்றாகவும் ஆகாது. ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ் என்னும் ஆஸ்திரேலியரும் அவருடைய இரண்டு மகன்களும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டனர். மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். அதற்காக வழக்கு நிற்கவில்லை; நிற்கவேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு வழங்கப்பட்ட மரண தண்டனையை உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. அந்தப் பெண்மணி தம் வேலையைச் செய்தார்: எஞ்சியிருந்த மகளோடு பாரிபடாவிலேயே தங்கி, 2004வரை அதே தொழுநோயாளர் இல்லத்தை நடத்தினார். மன்னித்தேன் என்ற சொல்லைவிட அந்த ஐந்தாண்டுகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

மாணவனின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அரசர் மன்னித்தார், தத்தன் ஏன் மன்னிக்கவேண்டும்?

மேற்கு வங்கத்தின் அசன்சோல் நகரில் 2018 மார்ச் மாதம் ராமநவமி ஊர்வலத்தை ஒட்டிக் கலவரம் மூண்டது. நூரானி பள்ளிவாசலின் இமாம் இம்தாதுல் ரஷிதியின் இளைய மகன் காணாமற்போனான். பதினாறு வயது, பத்தாம் வகுப்புத் தேர்வை அப்போதுதான் எழுதி முடித்திருந்தான். பிறகு உடல்தான் கிடைத்தது. அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இளைஞர்கள் கொதித்துக்கொண்டிருந்தனர். ஒரு சொல் போதும், ஊர் சாம்பலாகியிருக்கும். இமாம் எழுந்து, என் மகனின் பெயரால் எவரேனும் ஒருவரையேனும் தாக்கினால், ஒரு வீட்டையேனும் கொளுத்தினால், நான் இந்த ஊரைவிட்டே போய்விடுவேன் என்றார். முப்பதாண்டுகளாகத் தங்களோடு வாழ்ந்த இமாமை அவர்கள் அறிவர். கூட்டம் கலைந்தது.

செய்தித்தாள்கள் இமாமைப் போற்றின. போற்றத்தக்கவர்தாம். ஆனால் அந்தக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெயரற்ற அந்த இளைஞர்கள் அன்று எவரையும் மன்னித்திருக்க மாட்டார்கள். நெஞ்சு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். மன்னிக்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. காயம் அவர்களுடையது அன்று. அவர்களால் இயன்றது ஒன்றே ஒன்று. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வீடு திரும்புவது. அதைச் செய்தனர். இமாமின் குரலில் அவர்கள் கேட்டது யாருடைய குரலை? நான் ஒரு சைவன். என் மொழியில், வீழ்ந்துகொண்டிருந்த மெய்ப்பொருளார் பேசிய அதே குரல் என்றுதான் சொல்வேன். அவர்கள் தங்கள் மொழியில் வேறு விதமாகச் சொல்லக்கூடும். அந்தத் தந்தை வாய்திறந்து பேசியதை ஓராயிரம் தத்தன்கள் கேட்டனர் என்பது மட்டும் எந்த மொழியிலும் மாறாது.

நம்மில் பெரும்பாலோர் மெய்ப்பொருளார் அல்லர். கத்தி நம்மேல் பாய்ந்ததில்லை. கதவருகே வாளோடு நிற்கும் தத்தன்கள் நாம். கலவரம் என்பது பெரும்பாலும் காயம்பட்டவர்கள் செய்வதன்று. காயம்பட்டவர்களின் பெயரால் தத்தன்கள் செய்வது. அன்று நான் மூன்று குழுக்களுக்கு அனுப்பிய செய்தியும் உறையிலிருந்து உருவிய வாள்தான்.

அடுத்த வாரம் வகுப்பில் இதை இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். கடுனாவின் தலையணைக் கதை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டுமுறை சொல்லச் சொன்னார்கள். பிறகு அந்த மாணவனைப் பார்த்து, தத்தன் மன்னிக்கவேண்டும் என்று அரசர் கேட்கவேயில்லை, கூட நடக்கத்தான் சொன்னார் என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

“காடு வரைக்கும் நடக்கும்போது ரெண்டு பேரும் என்ன ஐயா பேசியிருப்பாங்க?” என்றான்.

சேக்கிழார் அதைச் சொல்லவில்லை. அவனையே எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கட்டுரை ஏட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.